காப்புப் பகுதியும் பட்டியலிட்ட கட்டடமும் ஒன்றல்ல

"இங்கிலாந்தின் லாவெனம் போன்ற காப்புப் பகுதிக் கிராமத்தில் எல்லா வீடுகளும் பட்டியலிடப்பட்டவை, அனுமதியின்றி சன்னலைக்கூட மாற்ற முடியாது" என்று சொல்வது இரண்டு வெவ்வேறு பாதுகாப்புகளைக் குழப்புகிறது.

இங்கிலாந்தில் பட்டியலிடுதல், அதாவது வரலாற்று அல்லது கட்டடக்கலைச் சிறப்புள்ள கட்டடத்தை அரசின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தல், தனிக் கட்டடத்துக்கு உரியது. அதன் தனித்தன்மையைப் பாதிக்கும் மாற்றம் எதற்கும், உட்புறத்தில் செய்தாலும்கூட, தனி ஒப்புதல் தேவை. ஒப்புதலின்றிச் செய்வது குற்றம். காப்புப் பகுதியோ 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அது ஓர் இடத்தின் ஒட்டுமொத்தத் தோற்றத்தைக் காப்பது. அதன் எல்லைக்குள் பட்டியலிடப்படாத வீடுகளும் இருக்கலாம். அத்தகைய வீட்டில், பழையதை ஒத்த சன்னலைப் பொருத்தப் பொதுவாக விண்ணப்பம் வேண்டியதில்லை. உள்ளூராட்சி மன்றம் 'ஆர்ட்டிக்கிள் 4' ஆணை (விண்ணப்பமின்றி மாற்றம் செய்யும் உரிமையை நீக்கும் ஆணை) பிறப்பித்திருந்தால் மட்டும் அந்த உரிமை பறிபோகலாம். வீடு வாங்குவோர் பலர் விசாரிக்கத் தவறுவது இதைத்தான்.

அதற்காகக் காப்புப் பகுதி வெறும் பெயர்ப்பலகை என்றும் கொள்ள வேண்டாம்: 115 கன மீட்டருக்கு மேற்பட்ட கட்டடத்தை முழுவதுமாக இடிக்கவும், வெளிச்சுவருக்குக் கல்லோ பலகையோ பதிக்கவும் திட்ட அனுமதி தேவை; மேலும், சில விலக்குகள் தவிர, மரத்தை வெட்டுவதற்கு 6 வாரம் முன்பே மன்றத்துக்கு அறிவிக்க வேண்டும்.