எட்டு லட்ச ரூவாப் பேயி

(வெள்ளகோவில் பக்கம் ஒரு ஓட்டு வீடு. ஆசாரத்துல புரோக்கரும், தறி ஓட்டற சரஸ்வதியக்காவும்.)

சரஸ்வதி: ஆசாரம் பூராவும் காவித்தரையா இருக்குது. இங்க மட்டும் என்னுங் நாலு வெள்ளை டைல்ஸ்?

புரோக்கர்: டிசைனுங்க்கா.

சரஸ்வதி: நடு ஆசாரத்துல, தூணோரமாவா?

புரோக்கர்: கணபதி ஹோமம் போட்டாச்சுங்க்கா. மஞ்சத்தண்ணி தெளிச்சாச்சு. நீங்க ஒண்ணும் வெசனப்பட வேண்டாம்.

சரஸ்வதி: அவரு வருவாருங்களா?

புரோக்கர்: சாமி சத்தியமா வர்றதில்லீங்க்கா. அமாவாசைக்குக் கூட வர்றதில்லை. எதுத்தூட்டுல கேட்டுப் பாருங், ராத்திரில ஒரு சத்தம் கெடையாது.

சரஸ்வதி: வராம எப்பிடிங் கையெழுத்துப் போடுவாரு?

புரோக்கர்: ஆரு?

சரஸ்வதி: நீங்க ஆரைச் சொன்னீங்?

புரோக்கர்: செத்தவரைங்.

சரஸ்வதி: நான் வெட்டுனவரைக் கேட்டேன்.

புரோக்கர்: அட, அவருங்களா! தங்கமான மனுசனுங்க்கா. ஜாமீன்ல இருக்கறாரு. அன்னாடும் பத்தரைக்கு டாண்ணு ஸ்டேசன்ல போயி கையெழுத்துப் போட்டுட்டு வர்றாரு. அங்க போடறவரு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வந்து போட மாட்டாருங்களா?

சரஸ்வதி: எதுக்குங் வெட்டுனாரு?

புரோக்கர்: கிளுவ வேலிங்க்கா. அண்ணங்காரரு ஒரு அடி தள்ளி நட்டுப்போட்டாருன்னு பேச்சு ஆரம்பிச்சுது. கையில கொடுவாள் இருந்துருச்சு.

சரஸ்வதி: இப்ப வேலி எங்க இருக்குது?

புரோக்கர்: தள்ளுன எடத்துலயேதானுங். அந்த ஒரு அடியும் அளவுல சேந்திருக்குது, உங்களுக்கு எச்சா.

சரஸ்வதி: வெல?

புரோக்கர்: இந்தப் பக்கம் பத்து செண்டு, ஊடு, பொடக்காளிக் கெணறு எல்லாஞ் சேத்தி 48 லட்சம் போகுதுங். உங்களுக்கு 40. பேயிக்குன்னு எட்டு லட்சம் கழிச்சுட்டோம்.

சரஸ்வதி: பேயே இல்லைன்னீங்?

புரோக்கர்: இல்லீங். இருந்தாலும் கழிச்சிருக்கறோம். எம்பட கமிசன் மட்டும் ரண்டு பர்சன்ட், அதுல கொறைக்க முடியாதுங்.

சரஸ்வதி: தம்பி, பேயைப் பத்தி நானு ஒரு வார்த்தை கேக்குலியே. படுகளத்துல உசுர உட்டவிங்களத்தானுங் அண்ணமாரு சாமின்னு நாம கும்புடறோம். செத்தவருக்கு நெறைஞ்ச அமாவாசைக்கு ஒரு வெளக்குப் பத்த வெச்சாத் தீந்துது. பத்திரம் ஆரு பேர்ல இருக்குது, அதைச் சொல்லுங்.

புரோக்கர்: செத்தவரு பேர்லதானுங். அவரு சம்பாரிச்சுக் கட்டுனது. கண்ணாலம் ஆகலை, அப்பன் ஆத்தா இல்லை. அதனால தம்பிக்கு வந்துருதுங்.

சரஸ்வதி: வெட்டுனவருக்கா?

புரோக்கர்: ரத்த பந்தமுங்களே.

சரஸ்வதி: ரத்தம்னு நீங்க சொல்லாதீங். எங்க பங்காளி கேசுக்கு தாராபுரம் கோர்ட்டுக்கு நடந்து நடந்து எனக்கு இது மனப்பாடம். 1956ஆம் வருசத்து இந்து வாரிசுரிமைச் சட்டம், 25ஆவது பிரிவு. கொலை பண்ணுனவனுக்கு, கொலையானவன் சொத்துல ஒரு ஓட்டாஞ்சில்லு கூட இல்லை. அதுமட்டுமில்லீங், 27ஆவது பிரிவுப்படி, அண்ணனுக்கு முந்தியே தம்பி செத்துப்போன மாதிரி சட்டம் கணக்கு வெச்சுக்கும்.

புரோக்கர்: அவரு நல்லா இருக்கறாருங்க்கா. காலைல கூடப் பாத்தேன், டீக்கடைல போண்டா தின்னுட்டிருந்தாரு.

சரஸ்வதி: செத்த ஆளு அன்னாடும் ஸ்டேசன்ல கையெழுத்துப் போடறாரு, போண்டாத் திங்கறாரு. இதுதானுங் பேயி.

புரோக்கர்: கொன்னாருன்னு கோர்ட்டு இன்னும் சொல்லலீங்களே! சாட்சியெல்லாம் பேசி வெச்சாச்சு. உடுதலை உறுதிங்.

சரஸ்வதி: ஓகோ. அப்ப ஊடு வாங்கற நானு, அவரு வெட்டவே இல்லைன்னு சென்னிமலை முருகனுக்கு வேண்டிக்கோணும்?

புரோக்கர்: வேண்டிக்கிட்டா நல்லதுங்.

சரஸ்வதி: நூத்துக்கு 7 முத்திரை, 2 பதிவுன்னு 9 ரூவா சர்க்காருக்குக் கட்டிப்போட்டு, வாய்தா வாய்தாவாப் போயி அவருக்காக நானு நிக்கோணும். தண்டனை ஆயிருச்சுன்னா?

புரோக்கர்: இன்னொருக்கா கணபதி ஹோமம்...

சரஸ்வதி: கோர்ட்டுலயா போடுவீங்?

(புரோக்கர், மணியடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்து “அலோ” என்கிறார். இந்த வித்தை தெரியாத புரோக்கரை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை.)

சரஸ்வதி: அதை வெச்சுட்டு வாங். கூடப்பொறந்தவிங்க வேற ஆருமில்லையா?

புரோக்கர்: ஒரு பொம்பளையாளு இருக்குதுங். மூலனூர்ல கட்டிக்குடுத்தது. அது கணக்குல வராதுங்.

சரஸ்வதி: ஏனுங் வராது?

புரோக்கர்: பவுனு போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சுங்களே.

சரஸ்வதி: கண்ணாலத்துல இணைச்சீருக்கு மட்டும் பொறந்தவ இல்லாம ஆவறதில்லை. கூடை தூக்கிட்டு மணவறைல வந்து நிக்கோணும். கெரயம்னா மட்டும் அவ மூலனூர்ல இருக்கறாளா? அந்தக் கூடையத் தூக்குனவளுக்கு, செத்தவரு சொத்துல தம்பிக்கு எவ்வளவோ அவ்வளவு உண்டுங். கேசு தண்டனைல முடிஞ்சா மொத்தமும் அந்தம்மாளுதுதான்.

புரோக்கர்: மெதுவாங்க்கா, மெதுவா. வெளிய அவரு பைக் சத்தம் கேக்குது.

சரஸ்வதி: ஆரு, செத்தவரா?

புரோக்கர்: அக்கா!

சரஸ்வதி: பேயிக்கு எட்டு லட்சம் கழிச்சீங்களே, அந்தம்மாளுக்கு எவ்வளவுங் கழிச்சீங்?

புரோக்கர்: கழிக்கவே வேண்டியதில்லீங். எம்பட பங்கு வேண்டாம்னு அவிங்க எழுதிக்குடுக்கற உடுதலைப் பத்திரம் தயாரா வெச்சிருக்கறோம். இந்த வாரம் வந்து போட்டுருவாங்.

சரஸ்வதி: சும்மாவா போடுவாங்?

புரோக்கர்: இங்க அண்ணன் ஆவி சுத்துது, இந்தூட்டுப் பங்குல கை வெச்சா உங்க கொழந்தைகளுக்கு ஆவாதுன்னு சொல்லி வெச்சிருக்கறோமுங். பயந்துபோயி, வரும்போது எலுமிச்சம்பழம் கொண்டாரட்டுமான்னு கேட்டாங்.

சரஸ்வதி: எனக்குப் பேயி இல்லை, அவிங்களுக்கு இருக்குதா?

புரோக்கர்: வாங்கறவிங்களுக்கு இல்லீங்க்கா. பங்கு கேக்கறவிங்களுக்குத்தான் இருக்குது.

சரஸ்வதி: அந்தம்மா நம்பரைச் சொல்லுங்.

புரோக்கர்: எதுக்குங்க்கா?

சரஸ்வதி: அவிங்க அண்ணன் ஆவிக்கே எட்டு லட்சம் வெல போகுது, அவிங்களுக்கு எவ்வளவு போவும்னு கூப்புட்டுச் சொல்லப் போறேன்.

புரோக்கர்: (சுத்திமுத்திப் பார்த்து, குரலைத் தாழ்த்தி) தாராளமாச் சொல்லுங்க்கா. அவிங்களே வித்தாலும் எனக்கு ரண்டு பர்சன்ட்டுதானுங்.