கறுப்பைக் காட்டத் தெரியாத 4கே

மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் ராத்திரி பத்து மணிக்கு ஒருக்கா நின்று பாருங்கள். வாவி ஒரு கறுப்பு, வானம் வேறொரு கறுப்பு, தோணி லாம்பு வெளிச்சம் முடிகிற இடத்தில் இன்னொரு கறுப்பு. இருட்டுக்குள் இத்தனை இருட்டு உண்டென்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாதாமாதம் என்னிடம் சல்லி வாங்குகிற ஸ்ட்ரீமிங் ஆப்புக்கு மட்டும் தெரியாது! அதில் ராத்திரிக் காட்சி வந்தால் வானம் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கிடக்கும். கதாநாயகன் நடந்தால் கட்டங்களும் அவன் பின்னால் நெளியும். மூலையில் மட்டும் வெட்கமே இல்லாமல் '4கே' என்று எழுதியிருக்கும்.

தவணைக்கு எடுத்த 55 இஞ்ச் டிவி. முதலில் டிவியைத் திட்டினேன், மறுகா ரவுட்டரை. "லைன் ஸ்லோ போல மாமா" என்றான் மருமகன். அளந்து பார்த்தோம், செக்கனுக்கு 40 மெகாபிட்டுக்கு மேலே வருகிறது. லைனில் பிழை இல்லை.

அப்புறம்தான் லண்டனில் இருக்கிற பெரியம்மாவின் மகன் ஊருக்கு வந்தார். பெட்டிக்குள் ஒரு 4கே புளூரே பிளேயரும் (டிவிடி மாதிரித்தான், ஆனால் டிஸ்க்கில் கனக்கத் தரவு கொள்ளும்) நாலு டிஸ்க்கும். அதே படம், அதே டிவி, அதே ராத்திரிக் காட்சி. சுவரில் ஈரம் ஊறிய இடம்கூடத் தெரிந்தது. "அங்க பின்னால ஒராள் நிக்கிறான்!" என்று மனிசி கத்தினாள். ஆப்பில் மூன்று தரம் பார்த்த காட்சி அது. அந்த ஆள் எங்களுக்கு அன்றைக்குத்தான் பிறந்தான்.

கணக்குப் போட்டால் வயிறு எரிகிறது. 4கே என்றால் திரையில் 3840க்கு 2160 புள்ளி, அவ்வளவுதான். அந்தப் புள்ளிகளை நிரப்ப எவ்வளவு தரவு அனுப்பினார்கள் என்பதைப் பற்றி அந்தப் பெயர் வாயே திறக்காது. ஆப் செக்கனுக்கு 15 மெகாபிட் அனுப்புகிறது என்று வைத்தால் இரண்டு மணி நேரப் படம் 13.5 ஜிபி. 4கே டிஸ்க்கோ 66, 100 ஜிபி கொள்ளும். செக்கனுக்கு 100 மெகாபிட்டைத் தாண்டியும் ஓடும். பழைய 1080 புளூரேகூட வீடியோவுக்கு மட்டும் 40 மெகாபிட் வரை தரக்கூடியது. "வீடியோவைச் சுருக்குற முறை, கோடெக், இப்ப புதுசு, நல்லாச் சுருக்கும் மாமா" என்று மருமகன் இழுத்தான். சுருக்கட்டும். 4கே டிஸ்க்கிலும் எச்இவிசி என்ற புது கோடெக்தானே இருக்கு? தரவைக் குறைக்கக் குறைக்க முதலில் அடிபடுவது இருட்டும் புகையும் மழையும். எங்கட படங்களில் பாதிக்கு மேல் அதுதானே!

சத்தத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். டிஸ்க்கில் ஒன்றும் இழக்காத ட்ரூஎச்டி ஒலி, ஆப்பில் இழந்து சுருக்கிய டொல்பி ஒலி. ரெண்டுக்கும் அட்மோஸ், அதாவது சுற்றிவரக் கேட்கிற சத்தம், என்று ஒரே பெயர்.

2020 மார்ச்சில், கொரோனா நேரம், ஐரோப்பாவில் ஒரு பெரிய ஸ்ட்ரீமிங் தளம் இணைய நெரிசலைக் குறைக்கவென்று தரவை வெட்டியது. 4கேக்குக் காசு கட்டினவருக்கு 4கே என்ற பெயர் அப்படியே இருந்தது, உள்ளே போனதுதான் குறைந்தது. குழாயைத் திருகுகிற கை அவர்களுடையது. வாங்கி அலுமாரியில் வைத்த டிஸ்க்கை எவன் வந்து திருகுவான்?

சரி, டிஸ்க் வாங்கலாம் என்று டவுனுக்குப் போனேன். முன்பு டிவிடி வாடகைக்கு எடுத்த கடையில் இப்போது போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். "புளூரே இருக்கா தம்பி?" என்றேன். "புளூடூத்தா அண்ணே?" என்று ஒரு ஸ்பீக்கரை எடுத்து நீட்டினான். அவனைக் குறை சொல்லி என்ன? சாம்சுங்கே 2019இல் அமெரிக்காவில் புது புளூரே பிளேயர் விடுவதை நிறுத்திவிட்டது.

அடுத்த கிழமை அண்ணன் பிளேயரையும் தூக்கிக்கொண்டு லண்டனுக்குப் போகிறார். டிவிக்கு இன்னும் 17 தவணை இருக்கு.