சான்றிதழ் வந்துவிட்டது, சோதனைதான் நடக்கவில்லை

இங்கிலாந்தில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டுக்கான கேஸ் பாதுகாப்புச் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்திருக்கிறது. ‘கார்பன் மோனாக்சைடு அலாரம் உள்ளது, சோதிக்கப்பட்டது’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறார்கள். வெந்நீருக்கும் வீட்டைச் சூடாக்கவும் கேஸில் எரியும் பாய்லர் மாட்டியிருக்கும் சமையலறையில், கேஸ் சரியாக எரியாதபோது உண்டாகும் அந்த நச்சு வாயுவைக் கண்டு எச்சரிக்கும் அலாரம் கிடையவே கிடையாது. இல்லாத அலாரத்தை எப்படிச் சோதித்தீர்கள் என்று கேட்டால், ‘சான்றிதழ் செல்லுபடியாகும், கவலைப்பட வேண்டாம்’ என்று ஏஜென்ட் பதில் எழுதுகிறார். வயிறு எரிகிறது.

சட்டம் இதில் மழுப்பவே இல்லை. வீட்டுக்காரருக்குச் சொந்தமான கேஸ் சாதனங்களையும் புகைபோக்கிகளையும், கேஸ் வேலை செய்யத் தகுதி பெற்றவர்களுக்கான ‘கேஸ் சேஃப்’ (Gas Safe) பதிவேட்டில் உள்ள பொறியாளர் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்று 1998ஆம் ஆண்டு கேஸ் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. புகை சரியாக வெளியேறுகிறதா, எரிவதற்குப் போதிய காற்று வருகிறதா, வாயுவின் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்றெல்லாம் பார்த்த பிறகுதான் அந்தத் தாளில் கையெழுத்து விழ வேண்டும். பாய்லர் உள்ள அறையில் அலாரம் இருப்பது 2022 அக்டோபர் 1 முதல் கட்டாயம்.

எங்கள் வீட்டுக்கு வந்தவரோ பாய்லரின் மூடியைக் கழற்றவில்லை, அழுத்தமானியைப் பையிலிருந்து எடுக்கவில்லை, மீட்டர் இருக்கும் அலமாரியைத் திறக்கக்கூட இல்லை. பாய்லரை ஒரு படம் எடுத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார். ஆனால் தாளில் அழுத்த அளவு எண்ணாகவே எழுதப்பட்டிருக்கிறது! அது எங்கிருந்து வந்த எண்?

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று ஏதோ சாதாரண நோவைப் போலத் தொடங்கி, உறக்கத்திலேயே ஆளை முடித்துவிடக்கூடிய நஞ்சு அது. குழந்தைகள் உறங்கும் வீட்டுக்கு இப்படிப் பொய் எழுதிக் கொடுக்க ஒருவருக்கு எப்படி மனம் வருகிறது?

வீட்டுக்காரரும் இதில் காசு கொடுத்து ஏமாந்தவர்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஆனாலும் தம் வீட்டில் அலாரம் இல்லை என்பதுகூடத் தெரியாமல் அந்தத் தாளை அப்படியே எங்களுக்கு அனுப்பியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. மின்சாரத்திலும் இதே அலட்சியம்தான். ஐந்தாண்டுக்கு ஒரு முறை எடுக்க வேண்டிய மின்பாதுகாப்பு அறிக்கை இருக்கிறது என்கிறார்கள், கேட்டால் நகல் மட்டும் வருவதில்லை.

அலாரத்தை உடனே மாட்ட வேண்டும், வேறொரு பொறியாளர் வந்து பாய்லரைத் திறந்து முறையாகச் சோதிக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். மறுத்தால், இந்தத் தாளையும் அலாரம் இல்லாத சுவரின் படத்தையும் கேஸ் சேஃப் பதிவேட்டுக்கும் உள்ளாட்சி மன்றத்துக்கும் அனுப்பப் போகிறேன்.