46 வயதில் ஒரு முதல் ஆல்பம்

போன வாரம் ஒரு நண்பரின் வீட்டில், அமெரிக்க ஸோல் பாடகி ஷரோன் ஜோன்ஸும் அவரது டாப்-கிங்ஸ் குழுவும் 2002இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தைப் போட்டுக் காட்டினேன். பத்து நிமிடம் கேட்டார். "நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜேம்ஸ் பிரவுனின் நகல்" என்றார், அறுபதுகளின் ஸோல் சக்கரவர்த்தியைச் சொல்லி. சாப்பாட்டு நேரம் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

ஷரோன் பிறந்தது 1956இல், ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டாவில். ஜேம்ஸ் பிரவுன் வளர்ந்ததும் அதே ஊர்தான். கறுப்பின அமெரிக்கர்களின் தேவாலயப் பாட்டிலிருந்து கிளைத்த ஸோல் இசை கொடிகட்டிப் பறந்தபோது ஷரோன் சிறுமி. பாட வந்தபோது காலம் டிஸ்கோ நடன இசைக்கும் மின்னணு சிந்தசைசருக்கும் மாறியிருந்தது. நிறம், பருமன், உயரம், வயது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தன்னை ஒதுக்கியதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தேவாலயத்திலும் கல்யாணங்களிலும் பாடினார். வயிற்றுப்பாட்டுக்கு நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலர் வேலை, பணம் ஏற்றிச் செல்லும் கவச வண்டிக்கும் காவல்.

1996இல் லீ ஃபீல்ட்ஸ் என்ற ஸோல் பாடகரின் ஒலிப்பதிவு ஒன்றுக்குப் பின்னணிக் குரல் கொடுக்க மூன்று பெண்களை அழைத்திருந்தார்கள். வந்தவர் ஷரோன் மட்டுமே. மூவரின் பகுதிகளையும் தானே பாடி முடித்துவிட்டார்! அங்கிருந்த பேஸ் கிதார் கலைஞர் கேப்ரியல் ராத் அவரை விடவில்லை. பிற்பாடு ராத்தும் சாக்ஸபோன் கலைஞர் நீல் சுகர்மனும் டாப்டோன் ரெக்கார்ட்ஸ் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கியபோது, அதன் முதல் ஆல்பமாக வந்தது நான் நண்பருக்குப் போட்டுக் காட்டிய இந்த ஆல்பம்தான். ஷரோனுக்கு அப்போது 46 வயது.

டிரம்ஸும் பேஸும் முன்னால் நிற்கும். கிதார் ஒரே சிறு துணுக்கைச் சலிக்காமல் சுரண்டிக்கொண்டிருக்கும். ஊதுகருவிகள் நீட்டி முழக்காமல் வெட்டி வெட்டி நிறுத்தும். இதெல்லாம் அறுபதுகளின் இலக்கணம்தான், மறுக்கவில்லை. தொடக்கத்தில் கிதார் கலைஞர் பிங்கி கிரிப்டைட் மேடை அறிவிப்பாளர் போலப் பேசுவது சுத்த வேஷம். நான் எப்போதும் தாண்டிவிடுவேன். அந்தக் குழுவினர் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுப் படித்தவர்கள். அவர்களை நகல் என்றால்கூட நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் ஷரோனுக்கு அந்த இசை தாய்மொழி. தாய்மொழியில் பேசுகிறவரை நகல் எடுக்கிறார் என்று யாராவது சொல்வார்களா?

பாப் பாடகி ஜேனட் ஜாக்சன் 1986இல் பெரிய வெற்றி கண்ட 'வாட் ஹேவ் யூ டன் ஃபார் மீ லேட்லி' பாடலும் இதில் இருக்கிறது. எந்திரத் தாளத்தையெல்லாம் கழற்றிவிட்டு, கணக்குக் கேட்க வாசலில் வந்து நிற்கும் பெண்ணைப் போலப் பாடுகிறார் ஷரோன். இதைக் கேட்டபின் ஜாக்சனுடையதுதான் நகலோ என்று எனக்குத் தோன்றிவிட்டது.

2016இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸின் 'பேக் டு பிளாக்' ஆல்பத்தின் பல பாடல்களுக்கு இதே டாப்-கிங்ஸ் வாசித்திருந்தார்கள். அதே தாளம், அதே ஊதுகருவிகள். நண்பரின் காரில் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருப்பது அந்த ஆல்பம்தான். அதை அவர் ஒருநாளும் நகல் என்று சொன்னதில்லை.