அசல் போலி

(நாட்டிங்ஹாம், சனிக்கிழமை மத்தியானம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கோட்டுக்குள் எதையோ ஒளித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறார். ஒளிக்கும் அழகிலேயே ஆங்கிலக் கவிஞர் பைரனின் பழைய புத்தகம் என்று தெரிந்துவிடுகிறது.)

மனைவி: எவ்வளவு?

கணவர்: என்ன வாங்கினீர்கள் என்று கேட்க மாட்டாயா?

மனைவி: போன மாதம் பைரன், அதற்கு முந்தின மாதமும் பைரன். விலைதானே மாறுகிறது?

கணவர்: இது வேறு ரகம். இவருடைய கவிதைகளை எடின்பரோ பத்திரிகை ஒன்று 1808இல் கிழி கிழியென்று கிழித்தது. அந்தக் கோபத்தில் ஒரு கவிஞர், ஒரு விமர்சகர் விடாமல் போட்டுத் தாக்கி இவர் எழுதியதுதான் ‘ஆங்கிலக் கவிகளும் ஸ்காட்லாந்து விமர்சகர்களும்’. மூன்றாம் பதிப்பு, 1810!

மனைவி: மூன்றாவதா? அவருடைய புகழ்பெற்ற கவிதை ‘கோர்சேர்’ முதல் பதிப்பே வாங்கியிருக்கலாமே.

கணவர்: அது 1814இல் வெளியான அன்றைக்கே 10,000 பிரதி விற்றது. எந்தப் பரணைத் தட்டினாலும் விழும், அதில் என்ன பெருமை? 1806இல் நம் பக்கத்து நியூவார்க்கில் அச்சான முதல் தொகுப்பு இருக்கிறதே, அது புதையல். சில வரிகள் விரசம் என்று ஒரு பாதிரியார் சொன்னதும் பைரன் கட்டுக்கட்டாக எரித்துவிட்டார். தப்பியது நாலே நாலு.

மனைவி: அந்தப் பாதிரியார் நம் வீட்டுப் பக்கமும் வந்திருக்கலாம்.

(புத்தகத்தை வாங்கி, பூச்சி கீச்சி இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு தாளாகப் பிடித்துப் பார்க்கிறாள்.)

மனைவி: ஓரத்தில் ஏதோ நம்பர் தெரிகிறதே... வாட்டர்மார்க்கா? 1816.

கணவர்: 1810 என்று படி.

மனைவி: தலைப்புப் பக்கத்தில் 1810. தாளுக்குள்ளே 1816. ஆறு வருஷம் கழித்துச் செய்யப்போகிற தாளில் எப்படி அச்சடித்தார்கள்?

(கணவர் நாற்காலியைத் தேடி உட்காருகிறார். இரண்டாவது தடவைதான் நாற்காலி கிடைக்கிறது.)

கணவர்: திட்டு வாங்கியவர்களில் பலர் பிற்பாடு நண்பர்களாகிவிட்டார்கள். விருந்துக்கெல்லாம் கூப்பிட்டார்கள். அதனால் 1812இல் பைரன் புத்தகத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். நிறுத்தினால் ஜனங்கள் விடுவார்களா? பழைய தேதியைப் போட்டுத் திருட்டுத்தனமாக அடித்துத் தள்ளினார்கள்.

மனைவி: விருந்துச் சாப்பாட்டுக்கு அவ்வளவு சக்தி. சரி, பணம் கொடுத்தீர்களே, கடைக்காரர் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாரா?

கணவர்: ஒவ்வொன்றாக.

மனைவி: நீங்கள்?

கணவர்: நான் அட்டையை முகர்ந்து பார்த்தேன்.

(மௌனம். கெட்டில் மட்டும் பேசுகிறது. திடீரென்று கணவரின் முகம் தெளிகிறது. இந்தத் தெளிவு குடும்பத்துக்கு ஆகாது.)

கணவர்: ஆனால் ஒன்று. இது நேற்று அடித்த போலி இல்லை. பைரன் உயிரோடு இருந்தபோதே அடித்தது. அசல் போலி!

மனைவி: போலியில் என்ன அசல்?

கணவர்: உனக்குத் தெரியாது. இந்த மூன்றாம் பதிப்புக்கே பல போலிகள். தாள் வேறு, அச்சு வேறு. வாட்டர்மார்க்கை வைத்தே பிரித்து அடுக்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். கடைக்காரருக்குத் தெரிந்திருந்தால் கூடக் கேட்டிருப்பார்!

மனைவி: ஆக, அவர்தான் ஏமாந்தவர்.

கணவர்: பாவம், நல்ல மனுஷர். அவரிடம் இன்னொரு 1810 இருந்தது. சாத்துவதற்குள் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடுகிறேன்.

மனைவி: பார்த்து?

கணவர்: 1818 என்று இருந்தால் விடமாட்டேன்.

மனைவி: நிஜமாகவே 1810ஆக இருந்தால்?

கணவர்: (கதவருகே நின்று யோசித்து) பேரம் பேசிப் பார்க்கிறேன்.