"குடியை விட்டிட்டு வா" என்று திருப்பி அனுப்பாதீர்கள்

"முதல்ல குடியை நிப்பாட்டிட்டு வாங்கோ, பிறகு மனசைப் பாப்பம்." மனநலக் கிளினிக்கில் கிடைத்த இந்தப் பதிலோடு வீடு திரும்பிய குடும்பங்களை எங்கட திருகோணமலையில் எனக்குத் தெரியும். குடியை நிறுத்த உதவி கேட்டுப் போன இடத்தில் அதே ஆளுக்கு, "இவருக்கு மனவருத்தம் இருக்கு, அதைச் சுகப்படுத்திக்கொண்டு வாங்கோ" என்கிறார்கள். வெருகலில் இருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மகனோடு பஸ் ஏறி வந்த அம்மா யாரிடம் போவது?

எது முதலில் வந்தது என்று பிரிப்பது பல பேரில் முடியாத காரியம். நித்திரைக்காகச் சாராயம் தொடங்கியவருக்கு அதே சாராயம் நித்திரையைக் கெடுத்து மனச்சோர்வையும் கூட்டும். ஐஸ் என்கிற போதைப்பொருள் பாவிக்கிற பொடியனுக்கு வருகிற சந்தேகமும் பயமும், காதில் கேட்கிற குரலும் மனச்சிதைவு போலவே இருக்கும். போர், 2004 சுனாமி, 2006இல் மூதூர், சம்பூர் இடப்பெயர்வு என்று எல்லாம் பட்ட மாவட்டம் இது. இங்கே ஒருவர் எதற்காகக் குடிக்கத் தொடங்கினார் என்பதைக் கிளினிக் கொப்பியில் தேடிப் பிடிக்க முடியாது. இரண்டையும் ஒரே குழு, ஒரே காலத்தில் பார்க்க வேண்டும்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. "குடிச்ச நாளில குளிசை போடக்கூடாது" என்று மனவருத்தத்துக்குத் தந்த மருந்தை நாங்களே முடிவெடுத்து நிறுத்துகிறோம். வாரத்தில் நாலு நாள் குடிப்பவருக்கு அப்போ நாலு நாள் மருந்தில்லை. அடங்கியிருந்த வருத்தம் திரும்புகிறது. சில குளிசைகள் மதுவோடு சேர்ந்தால் ஆபத்துத்தான். அதனால்தான் குடிப்பதை மறைக்காமல் வைத்தியரிடமே கேட்க வேண்டும். தினக் குளிசைக்குப் பதிலாக மாதம் ஒருமுறை போடுகிற ஊசி சிலருக்குப் பொருந்தும். ஆனால், ஏச்சு விழும் என்று பயந்த குடும்பம் வாய் திறக்காது. வைத்தியர்களே, தாதியர்களே, இது உங்களுக்கு.

அறையில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்த வைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். வருடக்கணக்காகத் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாட்களிலேயே வலிப்பு வரலாம், ஆள் குழம்பி இல்லாததைக் காணலாம், உயிரும் போகலாம். அது பேயில்லை. நூல் கட்ட ஆள் தேடாமல், கை நடுங்கி வியர்க்கும்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 1926, தேசிய மனநல உதவி இலக்கம், இரவிலும் எடுக்கலாம்.

சுகமாகி வந்தவர் திரும்பக் குடிக்கலாம். பலருக்கு அப்படித்தான் நடக்கும். அன்றைக்கும் அவருடைய கிளினிக் திகதி அப்படியே இருக்க வேண்டும்.

மூதூரிலும் கிண்ணியாவிலும் கிளினிக் நாளில் மனநல வைத்தியரும் போதை ஆலோசகரும் ஒரே கட்டிடத்தில் இருக்க ஒழுங்கு செய்யும்படி மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்குக் கடிதம் எழுதுகிறேன். கையெழுத்து வைக்க விரும்புகிறவர்கள் கீழே சொல்லுங்கள்.