பிசகு காதில் விழ வேண்டும்

"பத்தாயிரம் மணி நேரம் எழுதினால் எழுத்து கைவந்துவிடுமா?" இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களில் முதல் தரத்தினர் இருபது வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரம் தனியாகச் சாதகம் செய்திருந்தார்கள். 2008இல் மால்கம் கிளாட்வெல் அதை ஒரு விதி போல ஆக்கிப் பரப்பினார். எரிக்சன் அதை ஏற்கவில்லை. மணிக்கணக்கு மட்டும் போதாது, எங்கே பிசகுகிறது என்று தெரிந்து திருத்திக்கொண்டே செய்தால்தான் அது பயிற்சி என்றார்.

வயலின்காரருக்கு ஒரு வசதி. சுருதி விலகினால் அவருக்கே கேட்டுவிடும். இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் குருவுக்குக் கேட்கும். எழுதுகிறவருக்கு அது கிடையாது. எழுதிய சூட்டில் எல்லா வாக்கியமும் அழகாகத்தான் தெரியும். இருபது வருஷம் விடாமல் எழுதியும் முதல் வருஷத்தில் எழுதியதையே எழுதிக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். உழைப்பில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. அதனால்தான் என் கவலையெல்லாம் வேறொன்றைப் பற்றி: நம் பெரிய எழுத்தாளர்களுக்குத் தங்கள் பிசகு எப்படிக் காதில் விழுந்தது?

கி.ரா. என்று நாம் சொல்லும் கி. ராஜநாராயணனைப் பாருங்கள். 1923இல் கோவில்பட்டி அருகே இடைசெவலில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. முதல் கதையான 'மாயமான்' 'சரஸ்வதி' இதழில் வந்தது 1958இல். முப்பத்தைந்து வயதில் ஒரு சம்சாரி, அதாவது விவசாயி, திடுதிப்பென்று எழுத வந்துவிட்டார் என்று இன்றும் ஆச்சரியமாகச் சொல்கிறோம். அதற்கு முன்னால் இருந்த வருஷங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதே ஊரில் அதே ஆண்டு பிறந்த சிநேகிதர் எழுத்தாளர் கு. அழகிரிசாமி. அவர் சென்னைக்குப் போனார், பிறகு மலேயாவுக்குப் போனார். கடிதங்கள் இடைசெவலுக்கு வந்துகொண்டே இருந்தன, இங்கிருந்து பதிலும் போனது. (அவர் எழுதியவற்றைப் பின்னாளில் கி.ரா.வே தொகுத்து வெளியிட்டார்.) இருவருக்கும் இலக்கிய ரசனைக்குப் பேர்போன ரசிகமணி டி.கே.சி.யோடு நெருக்கம் உண்டு. ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப வாய்விட்டுச் சொல்லி, ஒரே சொல்லில் நின்று அனுபவிக்கும் சபை அவருடையது.

கடிதத்துக்கு எதிரே ஒரு முகம் இருக்கிறது. அதுவும் அழகிரிசாமி போன்ற ஒருவருக்கு எழுதும்போது ஜோடனை எடுபடாது என்று எழுதும்போதே தெரிந்துவிடும். நம்மைத் திண்ணையில் உட்காரவைத்துப் பேசுகிற கி.ரா.வின் அந்தக் குரல் கடிதங்களில்தான் பழகியது என்பது என் துணிபு. பிறகு கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி அகராதியே போட்டார். ஒரு சொல்லை அதைச் சொல்லும் வாயோடு சேர்த்துக் கேட்டவரால்தான் அந்த வேலை முடியும். 2021இல் மறையும் காலம்வரை எழுதினார். கை தளர்ந்தாலும் அந்தக் காது தளரவில்லை.

பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், அதாவது உ.வே.சா.வின் கதை இன்னும் விசேஷம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடல்களைச் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதிய மாணவர் அவர். பிறகு 1887இல் சீவக சிந்தாமணி, 1894இல் புறநானூறு என்று வாழ்நாள் முழுக்கப் பதிப்பு வேலை. ஒரே பாட்டின் சொற்கள் ஏட்டுக்கு ஏடு மாறும். ஓர் எழுத்து பிசகினால் தளை தட்டும், அதாவது செய்யுளின் ஓசை கெடும், பொருள் ஓடாது. ஒரு சொல் இந்த இடத்தில் உட்காருமா உட்காராதா என்ற ஒரே கேள்வியோடு அரை நூற்றாண்டு வாழ்ந்தார். அப்படிப்பட்டவர் 1940இல் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கியபோது வயது 85ஐ நெருங்கிவிட்டது. அவருடைய மாணவர் கி.வா. ஜகந்நாதன் உடனிருந்து உதவினார். 1942இல் உ.வே.சா. காலமானதால் அது முற்றுப்பெறவில்லை. ஆனாலும் ஒரு பத்தியை எடுத்துப் படியுங்கள். எவ்வளவு தெளிவு! பழந்தமிழ்க் கடலையே நீந்தியவர் ஓர் இடத்திலும் புலமையைக் காட்டிக்கொள்ளவில்லை. நம் மொழியில் எழுதப்பட்ட மிக நல்ல உரைநடைகளில் ஒன்று அது. எண்பது வயதுக்குமேல் வந்தது.

நாவலாசிரியர் சுந்தர ராமசாமிக்குப் பிசகைக் காட்டியது மொழிபெயர்ப்பு. மலையாள எழுத்தாளர் தகழியின் 'தோட்டியின் மகன்', 'செம்மீன்' நாவல்கள் இரண்டையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். மூலம் பக்கத்திலேயே இருக்கும்போது தன் வாக்கியம் எங்கே நொண்டுகிறது என்பது ஒளியாது. அவருடைய முதல் நாவல் 1966இல், இரண்டாவது 1981இல். நடுவே பதினைந்து வருஷ இடைவெளி.

தினமும் எழுத வேண்டும் என்பவர்கள் மகாபாரதத்தை நாவல் வரிசையாக எழுதிய 'வெண்முரசு'வைச் சுட்டுவார்கள். ஜெயமோகன் 2014இலிருந்து 2020வரை நாள்தோறும் எழுதி 26 நாவல்களாக முடித்தார், உண்மைதான். ஆனால் அவருடைய முதல் நாவல் 'ரப்பர்' வந்தது 1990இல். நாள்தோறும் எழுதும் அந்த வேகம் கிட்டத்தட்டக் கால் நூற்றாண்டுக்குப் பிறகு வந்தது.

என்னிடம் படிக்கச் சொல்லி வரும் பிரதிகளில் திறமைக்குப் பஞ்சமே இல்லை. அடித்துத் திருத்திய தடம்தான் அரிது. இணையத்தில் போட்ட அரை மணியில் நூறு விருப்பக்குறி விழுந்துவிட்டால் எங்கே பிசகியது என்று யார் சொல்வார்கள்? இந்தப் பிள்ளைகள் இரண்டு தொகுப்போடு நின்றுபோவதைப் பார்க்கையில் எனக்குத் தாங்கவில்லை.

எழுத்துப் பட்டறை நடத்தும் நண்பர்களிடம் ஒரு கோரிக்கை. 'கதையை எப்படித் தொடங்குவது' என்ற உரைகளைக் கொஞ்சம் குறையுங்கள். கலந்துகொள்பவர்களுக்கு வேறு மொழிக் கதை ஒன்றின் ஒரே ஒரு பக்கத்தைக் கொடுங்கள். தமிழாக்கி, எல்லோர் முன்னும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தடுக்கும் இடத்தில் நிறுத்தி, மறுபடி எழுதச் சொல்லுங்கள். இரண்டு நாளும் அந்த ஒரு பக்கத்திலேயே போனாலும் பரவாயில்லை.